அஞ்சலாட்சி வண்டியில் அடுத்தவன் அச்சு

அத்தியாயம் 5

“நான் ஓட்டமாட்டேன் சார். அது என் வண்டியே இல்ல.”

அஞ்சலாட்சி சாவியை மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. சாவி மேசையில் வழுக்கிக்கொண்டு போய், சப்-இன்ஸ்பெக்டர் அரிகிருஷ்ணனின் டீ கிளாஸில் மோதித்தான் நின்றது.

அவர் கிளாஸை நகர்த்திக்கொண்டார்.

“நம்பர் பிளேட்டு உன்னுது. ஆர்.சி. புக்கு உன் பேர்ல. முன் கண்ணாடியில உன் பொண்ணு கவிநிலா பேரை எழுதி வச்சிருக்க. அப்புறம் எப்படி உன் வண்டி இல்லாமப் போவும்?”

“நிக்கறப்ப என்னுது. ஓடறப்ப என்னுது இல்ல.”

“கவிதை நல்லா இருக்கு. கோர்ட்டுல போயிச் சொல்லு.”

அஞ்சலாட்சி கூப்பிட்டதால் வந்து, சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நிர்மலாதேவி நிமிர்ந்தாள். பல வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்து வண்டிகளை மதிப்பிட்டவள். அவர்கள் கேட்டபடி எழுதித் தர மறுத்து வெளியே வந்து, முதலியார்பேட்டையில் ஒரு மாடியறையில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். நிறுவனம் என்பது அவளும், பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்த கமலக்கண்ணனும்தான். கமலக்கண்ணனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மில் மூடும்வரை தறி ஓட்டியவர், சங்கத்தில் பேசியே பேர் வாங்கியவர். கண்ணாடி, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா மச்சான் பிரான்சிலிருந்து கொண்டுவந்தது. அதை வீட்டுக்குள்ளும் கழற்றமாட்டார்.

“ஓடறப்ப என்னா பண்ணுது அஞ்சலை?” என்றாள் நிர்மலாதேவி.

“மீட்டருல அறுவது காட்டுதுக்கா. ஆனா டவுன் பஸ்ஸெல்லாம் என்னத் தாண்டிப் போவுது. இன்ஜின் கத்துது. லோடு மட்டும் முன்னவிட நல்லா இழுக்குது. பிரேக்கு வேலை பாத்து எடுத்தாந்ததுலேருந்து இப்பிடித்தான்.”

“மேடம், ஆளை அடிச்ச வழக்கு இது,” என்றார் அரிகிருஷ்ணன். “வண்டி எவ்ளோ நல்லா இழுக்குதுங்கறது வழக்கு இல்ல.”

வழக்கு எளிமையானது. அதுதான் நிர்மலாதேவிக்குப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை விடிகிற நேரத்தில், நோணாங்குப்பம் படகுத்துறையில் காவல் முடித்துச் சைக்கிளில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த கலியபெருமாளைப் பின்னாலிருந்து ஒரு பிக்கப் அடித்துத் தள்ளியது. சாலையோர மதகின் மஞ்சள் பூசிய கல்மேல் ஏறி இறங்கி, நிற்காமல் ஓடிவிட்டது. கல்லின் முனை பெயர்ந்திருந்தது. பக்கத்தில் கறுப்பாக ஆயில் சிந்தியிருந்தது. காலெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கலியபெருமாளால் ஒன்றுதான் சொல்ல முடிந்தது. வெள்ளை பிக்கப்பு.

அந்த நேரத்தில் அந்தச் சாலையில் தினமும் போகிற வெள்ளை பிக்கப் அஞ்சலாட்சியுடையது. தவளக்குப்பத்திலிருந்து மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் கொண்டுபோவாள். புருஷன் இறந்தபின் வண்டியை விற்றுவிடச் சொன்ன எல்லாரையும் வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பிவிட்டு, தானே ஓட்டக் கற்றுக்கொண்டவள். செவ்வாய்க்கிழமை காலையில், பிரேக் சரியில்லை என்று வண்டியை முதலியார்பேட்டை காத்தவராயன் பட்டறையில் விட்டாள். மறுநாள் எடுத்துக்கொண்டாள்.

நேற்று போலீஸ் அவளை ஜீப்பில் ஏற்றி, வண்டியையும் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து, அதன் அடியில் குனிந்து பார்த்தது. பின்சக்கரங்களை இணைக்கும் அச்சின் நடுவே தொப்பைபோல் ஓர் இரும்புப் பெட்டி உருண்டிருக்கும். டிஃபரன்ஷியல். இன்ஜினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. அந்தப் பெட்டியில் நசுங்கல் இருந்தது. நசுங்கலில் மஞ்சள் பெயிண்ட் இருந்தது. பசை வைத்து அடைத்த ஒரு வெடிப்பும் இருந்தது.

பட்டறைக்காரரைக் கேட்டார்கள். அஞ்சலாட்சி மாமா என்று கூப்பிடும் காத்தவராயன், கண்கலங்கிச் சொன்னாராம். “வண்டி வர்றப்பவே அடிபட்டுத்தான் வந்துச்சி. ஆயில் ஒழுவுது, அடைச்சிக் குடு மாமான்னா. அடைச்சிக் குடுத்தேன். எம் பொண்ணு மாதிரி அவ. ஆனா போலீசு கேட்டா நான் பொய் சொல்லமாட்டேன்.”

அதோடு விடவில்லை. தெரியாமல் நடந்தது என்று ஒத்துக்கொள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வீடு தேடி வந்தும் சொன்னார். அஞ்சலாட்சி ஒத்துக்கொள்ளவில்லை. நேற்று வீட்டுக்கு அனுப்பிய போலீஸ் இன்று காலை மறுபடி வரச்சொல்லி, வண்டியைப் புதுச்சேரி கோர்ட் வளாகத்துக்கு ஓட்டிவா என்றபோதுதான் சாவி மேசையில் வழுக்கியது.

“சார், வண்டியக் கொஞ்சம் பாக்கலாமா?” என்றாள் நிர்மலாதேவி.

“பாருங்க. தூக்கிட்டு மட்டும் போயிடாதீங்க.”

வேப்பமரத்தடியில் நின்ற பிக்கப்பின் கீழ் அவள் சாக்கை விரித்துப் படுத்தாள். கமலக்கண்ணன் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்தில் குந்தினார். சிவப்புத் தொப்பிக் கான்ஸ்டபிள் ஒருவர் வேடிக்கை பார்த்தார்.

“இன்னா மேடம், வண்டி ஏதாவது சொல்லுதா?”

“சொல்லுது. இந்த அச்சைப் பட்டை ஸ்பிரிங்கோட சேத்துக் கட்டியிருக்கற போல்ட்டுங்களப் பாருங்கண்ணே. நாலும் பளபளன்னு இருக்குது. அதுக்கு மேல கீழ இருக்கற எல்லாம் துருவும் சேறுமா இருக்குது.”

“புது நகை போட்டிருக்கா. தப்பா?”

“பிரேக் வேலைக்கு இந்தப் போல்ட்டத் தொடவே வேணாம். சக்கரத்தக் கழட்டினாப் போதும். இதக் கழட்டறது ஒண்ணே ஒண்ணுக்குத்தான். அச்சையே முழுசா எறக்கறதுக்கு.”

கமலக்கண்ணன் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தார். அவர் அப்படிச் செய்வது அபூர்வம்.

“அப்ப அடிபட்ட அச்சு வேற வண்டியோடது. ராவோட ராவா இவ வண்டியில மாட்டி வுட்டுட்டான் எவனோ. வேற வண்டி அச்சு இதுல பொருந்துமா?”

“இந்தக் கம்பெனி பிக்கப்புல ரெண்டு ரகம். ஒண்ணு ஊர் ஓட்டம், ஒண்ணு மலை ஓட்டம். பாடி ஒண்ணு, அச்சு நீளம் ஒண்ணு, போல்ட் ஓட்டை ஒண்ணு. டிஃபரன்ஷியலுக்கு உள்ள பல்லுக் கணக்கு மட்டும் வேற. மலை ரகத்துல இன்ஜின் நெறைய சுத்தும், சக்கரம் கம்மியா சுத்தும். மேட்டுல லோடோட ஏறணுமில்ல.”

“சரி, மீட்டரு?”

“மீட்டருக்குப் போற கம்பி முன்னால கியர்பாக்ஸுலேருந்து போவுது. பின்னால அச்சு மாறினது அதுக்குத் தெரியாது. பழைய சக்கரம் சுத்தற மாதிரியே நெனச்சிக் கணக்குப் போடுது. அதான் மீட்டருல அறுவது, ரோட்டுல அம்பது.”

“எங்க மில்லு முதலாளி லாபக் கணக்குச் சொன்ன மாதிரி,” என்றார் கமலக்கண்ணன். “அது தலைகீழா இருக்கும், அவ்வளவுதான்.”

நிர்மலாதேவி அடியிலிருந்து உருண்டு வெளியே வந்தாள். ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்த அஞ்சலாட்சியிடம் கேட்டாள்.

“இந்தப் பக்கம் மலை ரகம் யாரு வச்சிருக்கா?”

அஞ்சலாட்சி யோசிக்கவே இல்லை. “தணிகாசலம். செங்கல், சிமெண்டு கடை. அந்தாளு வாசல்ல வண்டிய நிறுத்தினேன்னு போன மாசம் பெரிய சண்டை. ரோட்டுல ஓட்ட வுடமாட்டேன்னு சொன்னான். நானும் வுடமாட்டேன்னு சொன்னேன்.”

“நீ எத வுடமாட்டேன்ன?”

“அது எனக்கே தெரியலக்கா. அப்பத் தோணுச்சி, சொல்லிட்டேன்.”

அரிகிருஷ்ணன் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். போல்ட் பளபளப்பை அவரும் வந்து பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“பட்டறைக்குப் போன வண்டி. துடைச்சி முடுக்கியிருப்பான். மத்தியானச் சாப்பாடு முடியறவரைக்கும் டைம் தர்றேன். அதுக்கப்புறம் வண்டி கோர்ட்டுக்குப் போவும்.”

தணிகாசலத்தின் கடை தவளக்குப்பம் சந்திப்பில். ஸ்டேஷனிலிருந்து ஸ்கூட்டரில் போய்ச் சேருமுன் கமலக்கண்ணன் இரண்டு கதை சொல்லிவிட்டார்.

சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே, தானும் ஒரு மூட்டைபோல் தணிகாசலம் உட்கார்ந்திருந்தார். பின்னால் கொட்டகையில் வெள்ளை பிக்கப் நின்றது.

“உங்க வண்டியக் கொஞ்சம் பாக்கணும்,” என்றாள் நிர்மலாதேவி.

“எதுக்கு?”

“பொண்ணு பாக்க வந்திருக்கோம்னு வச்சிக்கோங்க,” என்றார் கமலக்கண்ணன். “புடிச்சிருந்தா போலீசு தாலி கட்டும்.”

தணிகாசலம் எழுந்தார். முகம் சிவந்தது.

“அந்த ஐஸுக்காரி அனுப்பினாளா? ஆமா, சண்டை போட்டேன். ரோட்டுல நின்னு கத்தினேன். இன்னைக்கும் வந்து நிறுத்தினா இன்னைக்கும் கத்துவேன். ஆனா ஆளை அடிச்சிப் போட்டுட்டு ஓடிவந்து ஒரு பொம்பளை தலையில கட்டற பொழப்பு எனக்கு வேணாம். பாரு! அடியில படுத்துப் பாரு! வேணும்னா தலகாணி தர்றேன்.”

இந்த முறை கமலக்கண்ணனே அடியில் போனார். வெளியே வந்தபோது வேட்டி வேட்டியாக இல்லை.

“மேடம்,” குரல் இறங்கியிருந்தது. “போல்ட்டுமேல சேறு, சேறுமேல சிமெண்டு, அதுமேல மறுபடியும் சேறு. ஸ்பேனர் பட்டுப் பல வருஷம் ஆச்சி. நசுங்கல் இல்ல, பசை இல்ல. இவுரு சுத்தமான ஆளு. வண்டி மட்டுந்தான் அழுக்கு.”

சந்தேகப்பட இருந்த ஒரே ஆளும் கையை விட்டுப் போனார். நிர்மலாதேவி தானும் குனிந்து பார்த்தாள். அவர் சொன்னது சரி.

“தணிகாசலம் சார், மன்னிச்சிக்கோங்க. சந்தேகப்பட்டது எங்க தப்பு.”

மன்னிப்பு எதிர்பாராததாக இருந்திருக்க வேண்டும். தணிகாசலம் தடுமாறினார்.

“சரி, சரி. மலை வண்டின்னா உடனே என்கிட்ட வந்துடறதா? இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான் வச்சிருக்கனா? குன்னூருல ஒரு தேயிலை எஸ்டேட்டுக்காரன் ஏலம் வுட்டான். ரெண்டு வண்டி வந்துச்சி. ஒண்ணு நான் எடுத்தேன். என்னை அங்க கூட்டிட்டுப் போனவன் இன்னொண்ண எடுத்துக்கிட்டான். ரிப்பேரான வண்டிய இழுத்தாற வச்சிருக்கான்.”

“யாரு?”

“வேற யாரு, காத்தவராயன்தான்.”

கமலக்கண்ணன் வெளியே வந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

ஸ்கூட்டரை அவர் கிளப்பவே இல்லை. சந்திப்பின் இரைச்சலில் இருவரும் நின்றார்கள்.

“மாமா மாமான்னு கூப்புடறா அந்தப் பொண்ணு,” என்றார். “அவ புருஷன் செத்தப்ப பாடையத் தூக்கின ஆளு.”

“அவரு பட்டறை. அவரு வண்டி. அன்னைக்கு ராத்திரி அவளோட வண்டி அவரு கையில. போலீசுகிட்ட நசுங்கலப் பத்திச் சொன்னதும் அவருதான். எல்லாரும் அவ வண்டி அடியில குனிஞ்சிப் பாத்தாங்க. சாட்சி சொன்னவரு வண்டி அடியில யாரும் குனியல.”

“இப்பப் போயி குனிவமா?”

“குனிஞ்சா, இது காயலாங்கடையில போன வருஷம் வாங்கின அச்சுன்னு சொல்லுவாரு. ராத்திரிக்குள்ள அதையும் மாத்திடுவாரு. அவரு வண்டிய அவரே ஸ்டேஷனுக்கு ஓட்டியாரணும். சந்தேகமே வரக்கூடாது.”

“அந்த மனுசன எப்படி வரவழைக்கிறது?”

நிர்மலாதேவி சிரித்தாள். “அஞ்சலை வண்டிய ஓட்டமாட்டேன்னு அடம் புடிக்கிறா இல்ல? அடம் புடிக்கட்டும். அப்ப அத இழுத்துட்டுப் போக ஒரு வண்டி வேணுமே.”

அரிகிருஷ்ணனைச் சம்மதிக்க வைக்க அவர் சாப்பிட்டு முடிக்கும் நேரம் பிடித்தது. முழுக்கக் கேட்டுவிட்டுக் கை கழுவினார்.

“தப்பாப் போச்சின்னா நான் சாட்சிய அவமானப்படுத்தினதா ஆவும்.”

“நீங்க ஒண்ணுமே சொல்ல வேணாம் சார். அவரு வண்டியில பக்கத்துல ஒக்காந்து வாங்க. முள்ள மட்டும் பாருங்க.”

காத்தவராயன் உடனே வந்தார். நெற்றியில் விபூதி, காக்கிச் சட்டை, முகத்தில் துக்கம். இறங்கியதும் அஞ்சலாட்சியிடம் போனார்.

“நான் சொன்னதக் கேட்டிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காதும்மா. இப்பயும் ஒண்ணும் கெட்டுப் போவல. ஒத்துக்கோ.”

“ஒத்துக்கமாட்டேன் மாமா.”

“ஒரு பொம்பளைக்கு இவ்ளோ வீம்பு ஆவாது.”

“இருக்கட்டும்.”

நிர்மலாதேவி அவளிடம் இன்னும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருந்தால் அந்த ‘மாமா’ அவள் வாயிலிருந்து வந்திருக்காது. காத்தவராயனுக்கு அது ஒன்றே போதும், எச்சரிக்கை ஆகிவிடுவார்.

சங்கிலி மாட்டினார்கள். முன்னால் காத்தவராயனின் பிக்கப், பக்கத்தில் அரிகிருஷ்ணன். பின்னால் அஞ்சலாட்சியின் பிக்கப். இழுபட்டுப் போகிற வண்டியில் ஸ்டியரிங் பிடிக்க மட்டும் அவள் சம்மதித்தாள். பக்கத்தில் நிர்மலாதேவி. எல்லாருக்கும் பின்னால் போலீஸ் ஜீப். ஸ்கூட்டரில் கமலக்கண்ணன், ஜன்னலை ஒட்டியபடி.

“என் முள்ளு முப்பதுல நிக்கும்,” என்று கிளம்புமுன் சொல்லியிருந்தார். “நான் உங்க ஜன்னல் பக்கத்துல நிப்பேன். நான் நகரலன்னா எல்லாரும் முப்பதுல போறோம்னு அர்த்தம். நாயி தொரத்தினா மட்டும் கணக்குல எடுத்துக்காதீங்க.”

கடலூர் சாலை நீண்டது. உப்பங்கழி ஓரத்துத் தென்னைகள் பின்னால் நகர்ந்தன. கமலக்கண்ணன் ஜன்னலுக்கு வெளியே ஒட்டிவைத்ததுபோல் வந்தார். கட்டை விரலை உயர்த்தினார். முப்பது.

நிர்மலாதேவி அஞ்சலாட்சியின் மீட்டரைப் பார்த்தாள். முள் முப்பத்தைந்தைத் தாண்டி நடுங்கிக்கொண்டிருந்தது. செல்போனை எடுத்தாள்.

“சார், உங்க முள்ளு?”

அரிகிருஷ்ணனின் குரல் சற்றுத் தாமதமாக வந்தது. “இருபத்தஞ்சி.”

“தப்பாப் பாக்கலையே?”

“ரெண்டு கண்ணாலயும் பாக்கறேன் மேடம்.”

ஒரே சங்கிலி. ஒரே வேகம். அவள் வண்டி கூட்டிச் சொன்னது, அவர் வண்டி குறைத்துச் சொன்னது. ஸ்கூட்டர் இரண்டுக்கும் சரிபாதியில் நின்றது. அவளுடைய ஊர் அச்சு அவருடைய மலை வண்டியில் இருந்தால்தான் இப்படி வரும்.

“அக்கா,” என்றாள் அஞ்சலாட்சி. சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “மாமா வண்டியில கம்மியாக் காட்டுதா?”

“ஆமா.”

அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. தினமும் தன் வண்டியை ஓட்டுகிறவள். ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்தன.  பிறகு ஹாரனை அழுத்தினாள். அழுத்திய கையை எடுக்கவே இல்லை.

முன்வண்டி நின்றது. நோணாங்குப்பம் மதகு பக்கத்திலேயே இருந்தது.

“இன்னாம்மா, இன்னா ஆச்சி?” காத்தவராயன் இறங்கி வந்தார்.

“மாமா, என் அச்சைக் குடு.”

அவர் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. அடுத்த கணமே சிரித்துவிட்டார். நிர்மலாதேவி மீட்டர் கணக்கைச் சொன்னபோதும் அதே சிரிப்பு.

“பழைய வண்டிம்மா. கேபிளு தேஞ்சிருக்கும்.”

“தேஞ்சா எப்படி வேணும்னாலும் தேயலாம்,” என்றாள் நிர்மலாதேவி. “ரெண்டு வண்டியும் பேசி வச்சிக்கிட்டு, ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்குமா?”

“சரி, ஒண்ணு சொல்றேன். என் வண்டியில இருக்கறது ஊர் அச்சுதான். காயலாங்கடையில வாங்கி மாட்டி வருஷமாச்சி. இவ வண்டி அச்சை இவ புருஷன் உயிரோட இருக்கறப்ப மாத்தியிருப்பான். செத்தவன்கிட்ட போயிக் கேளுங்க. சார், மீட்டர வச்சி ஒரு மனுசன குத்தவாளி ஆக்கிடுவீங்களா?”

அரிகிருஷ்ணன் நிர்மலாதேவியைப் பார்த்தார். அந்தப் பார்வையில், சொன்னேனே, என்பது இருந்தது. சாலையில் கூட்டம் சேர ஆரம்பித்திருந்தது.  அச்சு மாறியது நிச்சயம். எப்போது மாறியது என்று மீட்டர் சொல்லாது.

அவள் அஞ்சலாட்சியின் பக்கம் திரும்பினாள்.

“அன்னைக்கு பிரேக்குக்கு இன்னா வேலை பாத்தாரு? கொஞ்சம் யோசிச்சிச் சொல்லு.”

“பின் சக்கரம் ரெண்டுலயும் பிரேக் கட்டை தேஞ்சி போச்சின்னாரு. நானே கடைக்கிப் போயி புதுக் கட்டை வாங்கியாந்தேன். பகல்லதான் மாட்டினாரு. நான் பக்கத்துலயே நின்னேன். சோறு துண்ணக்கூடப் போவல.”

“மாட்டினதுக்கு அப்புறம்?”

“சின்னதா ஒரு வேலை இருக்குது, காலையில வான்னாரு. காலையில எடுத்தா, பிரேக்கு முன்ன மாதிரியேதான் வழுக்குது. புதுசு, படியறதுக்கு ரெண்டு நாளாவும்னாரு.”

நிர்மலாதேவிக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது.

“சார், பகல்ல புதுக் கட்டைய மாட்டினாரு. ராத்திரி அச்சை முழுசா எறக்கி மாத்தினாரு. பிரேக் கட்டை அச்சோட போற சாமான். அவசரத்துல அத மறந்துட்டாரு. அஞ்சலை வாங்கின புதுக் கட்டை இப்ப எந்த வண்டியில இருக்குதுன்னு பாத்துடுவோமா? செவ்வாக்கிழமை வாங்கின கட்டை, போன வருஷம் வாங்கின அச்சுல இருக்க முடியாது.”

காத்தவராயன் ஓர் அடி பின்னால் வைத்தார். அங்கே ஜீப்பிலிருந்து இறங்கிய சிவப்புத் தொப்பி நின்றது.

“ஜாக்கி வேணுமே,” என்றார் அரிகிருஷ்ணன்.

“அவுரு வண்டியிலேயே இருக்கும் சார்,” என்றார் கமலக்கண்ணன். “ஸ்பேனரும் இருக்கும். இவ்ளோ ஒத்துழைப்புக் குடுக்கற குத்தவாளிய நான் பாத்ததே இல்ல.”

முதலில் அஞ்சலாட்சியின் வண்டி. சக்கரத்தை அவளே கழற்றினாள். யாரையும் தொட விடவில்லை. கமலக்கண்ணன் சுத்தியலால் தட்ட, பிரேக்கை மூடியிருந்த இரும்புக் குடம் கழன்று வந்தது. உள்ளே இருந்த கட்டைகள் ஆணி தெரியும்வரை தேய்ந்திருந்தன.

பிறகு காத்தவராயனின் வண்டி. அங்கே கட்டைகள் புத்தம் புதிதாக, மேலே அச்சடித்த கம்பெனி எழுத்துகூட முழுசாக அழியாமல் இருந்தன.

கூட்டத்தில் யாரோ, “அடப் பாவி,” என்றார்கள்.

காத்தவராயன் மதகுக் கல்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

“கடலூருல ஒரு வண்டிய வுட்டுட்டு வந்துக்கிட்டிருந்தேன்,” என்றார் தரையைப் பார்த்து. “கண்ணு சொக்கிடுச்சி. அவன் வுழுந்தது தெரிஞ்சிது. நிக்கணும்னுதான் நெனச்சேன். காலு பிரேக்குக்குப் போவல. பட்டறைக்கு வந்து பாத்தா அடியில ஆயில் ஒழுவுது. இன்னா பண்றதுன்னு தெரியாம ஒக்காந்திருக்கறப்ப இவ வண்டியோட வந்து நின்னா. அதே வெள்ளை. அதே கம்பெனி.”

“அவ உங்களுக்கு இன்னா கெடுதல் பண்ணா?” நிர்மலாதேவியின் குரல் உயர்ந்தது.

“ஒண்ணும் பண்ணல. பொம்பளை ஓட்டற வண்டி. அடிச்சிருப்பான்னு சொன்னா யாரும் மறு கேள்வி கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்.”

அவர் சொன்னது பொய்யில்லை என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரிந்தது. அரிகிருஷ்ணன் தொப்பியைக் கழற்றி, மறுபடி வைத்துக்கொண்டார்.

அஞ்சலாட்சி கையிலிருந்த கிரீஸைத் துடைக்காமலே அவர் எதிரில் வந்து நின்றாள். அடிப்பாள் என்று கமலக்கண்ணன் எதிர்பார்த்தார். கொஞ்சம் ஆசைப்படவும் செய்தார்.

“நான் கேட்டேனே மாமா. மீட்டரு தப்பாக் காட்டுது, பிரேக்கு புடிக்கலன்னு உங்கிட்டத்தான் வந்து கேட்டேன். நீ என் மூஞ்சியப் பாத்துத்தான் பதில் சொன்ன.” குரல் உடையவில்லை. “அந்த மனுசன் ரோட்டுல கெடந்தப்ப நீ ஒரு குரல் குடுத்திருந்தா, நானே வந்து என் வண்டியில தூக்கிட்டுப் போயிருப்பேன். உனக்கும் சேத்துத்தான் ஓடியாந்திருப்பேன்.”

காத்தவராயன் அப்போதுதான் அழுதார். இந்த முறை அது நிஜமாகவே அழுகை.

அவரைக் கான்ஸ்டபிளோடு ஓர் ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். இரண்டு பிக்கப்புக்கும் காவல் போட ஸ்டேஷனுக்குச் சொல்லியாயிற்று. அச்சுகளைப் போட்டோ எடுத்து, வேறு பட்டறையில் மாற்றி, வண்டியைச் சீக்கிரம் விடுவிக்கக் கோர்ட்டில் தானே கேட்பதாக அரிகிருஷ்ணன் சொன்னார். பிறகு தொண்டையைக் கனைத்தார்.

“நீ வூட்டுக்குப் போம்மா. கமலக்கண்ணன் ஸ்கூட்டருல வுட்டுடுவாரு.”

“போவமாட்டேன் சார்.”

“இன்னும் இன்னா?”

“நேத்து மார்க்கெட்டு நடுவுல, அத்தினி பேரு பாக்க, என்னை ஜீப்புல ஏத்தினீங்க. எறக்கி வுடறதும் அங்கயே எறக்கி வுடுங்க.”

“அதெல்லாம் நான் ரிப்போர்ட்டுல தெளிவா எழுதிடறேன்.”

“மீன் வாங்க வர்றவங்க ரிப்போர்ட்டு படிக்கமாட்டாங்க சார். நீங்கதான் வந்து சொல்லணும்.”

அரிகிருஷ்ணன் நிர்மலாதேவியைப் பார்த்தார். அவள் உப்பங்கழியில் போகிற படகைப் பார்த்தாள். கமலக்கண்ணன் கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். உதவி செய்ய யாரும் இல்லை.

“ஏறு,” என்றார் அரிகிருஷ்ணன். தானே ஜீப்பை ஓட்டினார்.

தவளக்குப்பம் சந்திப்பு மார்க்கெட்டில் மாலை வியாபாரம் சூடுபிடித்திருந்தது. ஜீப் வந்து நின்றதும் தராசுகள் நின்றன. சப்-இன்ஸ்பெக்டர் இறங்கி, சுற்றிவந்து, அவளுக்காகக் கதவைத் திறந்து பிடித்தார்.

“கலியபெருமாள அடிச்சது அஞ்சலாட்சி இல்ல,” என்றார். குரல் போதவில்லை என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். இன்னொரு முறை, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். “அடிச்ச ஆளைப் புடிச்சாச்சி. இந்தம்மா மேல ஒரு தப்பும் இல்ல. நாங்கதான் தப்பாப் புடிச்சோம்.”

 நேற்று என்னென்னவோ பேசியவர்கள் தராசுத் தட்டைப் பார்த்தார்கள். சிமெண்ட் கடை வாசலில் தணிகாசலம் மட்டும் எழுந்து நின்றார்.

அஞ்சலாட்சி இறங்கினாள். முழங்கைவரை கிரீஸ், புடவையில் சேறு. கூட்டத்தை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம்வரை, ஒரு முகம் விடாமல் பார்த்தாள்.

“என் வண்டி வர கொஞ்ச நாளாவும்,” என்றாள். “யாருகிட்டயாவது வாடகைக்கு எடுத்து நாளைக்கே ஓட்டுவேன். ஐஸ் வேணுங்கறவங்க எப்பவும் போல விடியக்காலையில வந்து நில்லுங்க.”